பிரேக் போட்டால் வெளிச்சம்

"ஏன் எரியல?" என்று ஆதப்பன் காரைப் பார்த்துக் கேட்டார்.

சைகோனின் பூ மி ஹங் பகுதியில் அவர் குடும்பத்தோடு குடியிருந்த அடுக்குமாடியின் அடித்தளத்தில், அவருடைய பழைய வெள்ளைக் கார் கண்ணிரண்டும் இருண்டு நின்றது. ஹெட்லைட் எரியவில்லை. ஆடியோவும் பாடவில்லை. முந்தின நாள் வரைக்கும் இரண்டும் சமர்த்தாக வேலை செய்தன.

இன்றைக்குப் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்? சாயங்கால விமானத்தில் டான் சோன் நாட் விமான நிலையத்தில் வந்து இறங்கப் போகிறவர் லேசுப்பட்ட ஆளில்லை. தேவகோட்டை கரியமாணிக்கம். ஆதப்பனின் மகள் உண்ணாமலையும் கரியமாணிக்கத்தின் மகனும் சிங்கப்பூரில் ஒன்றாகப் படித்து, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டு ஆச்சிமாரும் சம்மதித்தாகிவிட்டது. கரியமாணிக்கம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "வந்து பாக்குறேன். மனுசர் எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். உண்ணாமலைக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஆதப்பனோ போனிலேயே மார்தட்டிவிட்டார். "நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம். நானே என் கார்ல வந்து அழைச்சுட்டு வந்துருவேன்."

பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அவர். எந்தக் கோளாறாக இருந்தாலும் அஞ்சு தடவை 'ஏன்' என்று கேட்டால் மூல காரணம் தானாக வெளியே வந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். தொழிற்சாலையில் இதற்கு வகுப்பே எடுப்பார். வீட்டில் ரசத்தில் உப்பு கூடினாலும் அஞ்சு ஏன் உண்டு. மூன்றாவது ஏனில் மனைவி ராக்கம்மை கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

அவளும் மகளும் இப்போது கீழே வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"ஏங்க, பேசாம டாக்ஸியில போயிட்டு வந்திருங்களேன்" என்றாள் ராக்கம்மை.

"சம்பந்தியை வாடகை வண்டியிலயா ஏத்திட்டு வரச் சொல்ற? நம்ம கவுரவம் என்னாகிறது?"

"அப்பச்சி, போன் ஆப்ல நல்ல பெரிய வண்டியாவே போட்டுக்கலாம்" என்றாள் உண்ணாமலை.

"அதுல என் பாட்டு வருமா?"

ஆதப்பன் தாமே இயற்றி, தாமே மெட்டமைத்து, குளியலறையில் எதிரொலி நன்றாக வருகிறது என்று அங்கேயே பதிவு செய்த முருகன் பாட்டுகள் அந்தக் காரின் பென் டிரைவில் இருந்தன. விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் கரியமாணிக்கம் அவற்றைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது திட்டம்.

வண்டி ஓட்டுவதிலும் அவருக்குத் தம்மைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். போன மாதம் காரைக்குடியிலிருந்து வந்த ஒருவரை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். மோட்டார் சைக்கிள் வெள்ளத்துக்குள் ஹாரனை அமுக்கியபடியே புகுந்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டடங்களைக் காட்டி விளக்கம் சொல்லி, நடுநடுவே பாட்டுக்குத் தாளமும் போட்டார். வந்தவர் பாதி வழியில் இறங்கி டவுன் பஸ்ஸில் போய்விட்டார். "ஆளு அப்படியே பிரமிச்சுப் போயிட்டாரு. பேச்சே வரல" என்று ஆதப்பன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

முதலில் பல்பு. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது அதைப் பிடித்திருந்த கிளிப் படக்கென்று உடைந்தது. அதனால் என்ன, ரப்பர் பேண்ட் போட்டார். அப்போதும் எரியவில்லை. விளக்கு மட்டும் தலையைத் தூக்கி அடித்தளத்தின் கூரையைப் பார்த்தது.

"பல்பு இல்ல. அப்ப ஏன்?" என்று இரண்டாவது ஏனுக்குப் போனார்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ராக்கம்மை மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, அங்கங்க காலியா இருக்கு?" என்று கேட்டு, அவரே சிரித்தும்கொண்டார். "அதெல்லாம் மேல்கூரை திறக்குற விலை கூடுன மாடலுக்கு. நம்மது சாதா மாடல். வெவரம் தெரியாதவன் இதைப் பாத்துட்டு ஃபியூஸைக் காணோம்னு அலறுவான்."

"உங்களுக்கு எவ்வளவு வெவரம் தெரிஞ்சிருக்கு!" என்றாள் ராக்கம்மை, மூச்சை விட்டபடி.

அந்தப் பாராட்டு வேலை செய்தது. கோளாறு வயரிங்கில்தான் என்று முடிவு கட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். உள்ளேயிருந்து ஒரு கொத்து வயர் வெளியே வந்தது. பிரேக் விளக்குக்குப் போகிற வயரில் கரண்ட் இருப்பதைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒன்றை இழுத்து ஹெட்லைட்டோடு முடிந்தார். இண்டிகேட்டர் வயரிலிருந்து இன்னொன்றை இழுத்து ஆடியோவுக்குக் கொடுத்தார். டேப் சுற்றினார். சாவியைப் போட்டுப் பிரேக்கை மிதித்தார்.

பளீரென்று கூரையில் வெளிச்சம் அடித்தது.

"எரியுது! எரியுதுடி!"

ராக்கம்மைக்கு முகம் வெளுத்துப்போயிற்று. காலை எடுத்தார், இருட்டு. மிதித்தார், வெளிச்சம்.

"இது என்னங்க, பிரேக் போட்டாத்தான் எரியுது?"

"சைகோன்ல பிரேக்கை எடுத்து எங்க ஓட்டுறது? எப்பவும் எரியும்."

இண்டிகேட்டரைத் தட்டினார். டிக் என்றதும் ஆடியோ உயிர்பெற்று "மு" என்றது. டிக் என்றதும் அணைந்தது. அடுத்த டிக்குக்கு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து "மு". முருகன் முழுசாக வரவேயில்லை. மு... மு... மு... என்று அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. மோட்டார் சைக்கிள் எடுக்க வந்த பெண்ணொருத்தி "சோய் ஓய்!" என்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு எடுக்காமலே திரும்பிப் போனாள்.

உண்ணாமலை வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஆதப்பன் நினைத்தார்.

"திரும்பும்போதெல்லாம் பாட்டு வரும், நிக்கும்போதெல்லாம் வெளிச்சம் வரும். போதும். கெளம்பு" என்றார்.

"அப்பச்சி, வேணாம்! மாமா நேராவே போகச் சொன்னா?"

"வளைஞ்சு போற வழியா வந்தாப் போச்சு."

ராக்கம்மை காருக்குக் குறுக்கே நின்றுபார்த்தாள். நகர்த்திவிட்டார். வேறு வழியில்லாமல் அவளும் மகளும் பின் சீட்டில் ஏறினார்கள். வெளியே போகிற ஏறுபாதையின் தொடக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி லாம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பது ஆதப்பனின் வழக்கம். பாதுகாப்பு முக்கியம் அல்லவா. அமுக்கினார்.

சத்தமே இல்லை.

முஷ்டியால் குத்தினார். முழங்கையால் அமுக்கினார். ஊஹூம்.

ராக்கம்மை மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்தாள். இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஆதப்பன் ஸ்டியரிங் மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். லைட் இல்லாமல் ஓட்டலாம், பாட்டு இல்லாமல்கூட ஓட்டலாம், ஹாரன் இல்லாமல் அவரால் ஓட்ட முடியாது. தாம் செய்த வயரிங் வேலைதான் அதையும் தின்றுவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"என் பொண்ணு காரியத்தை நானே கெடுத்துட்டேனே" என்றார். "ஒரு காரை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் வீட்டுல பொண்ணு எடுப்பாகளா?"

உண்ணாமலைக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பின்னாலிருந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணும் கெடல அப்பச்சி. நீங்க வாங்க, போதும்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் ஆப்பில் வண்டி போட்டாள்.

ஆதப்பன் தோற்றுப்போன முகத்தோடு அந்த வாடகை வண்டியில் விமான நிலையம் போனார். திரும்பி வரும்போது கரியமாணிக்கத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். கரியமாணிக்கத்தின் முழங்கால் வலி, மூத்த மருமகள், வீட்டுக் கூரை ஒழுகுவது, எல்லாவற்றையும் கேட்டார்.

சாப்பாடு முடிந்தது. கரியமாணிக்கம் வெற்றிலையை மடித்தார்.

"ஒண்ணு சொல்லணும். இந்த ஊரு ரோட்டைப் பாத்ததும் நான் பயந்தே போயிட்டேன். நீங்க போன்ல சொன்னபடி நானே ஓட்டுறேன்னு வீம்பு பண்ணாம, அமைதியா உக்காந்து வந்தீக பாருங்க, அந்தப் பக்குவம் எனக்குப் பிடிச்சுப்போச்சு. பொண்ணை நாங்க எடுத்துக்கிறோம்."

உண்ணாமலை அடுக்களைக்குள் ஓடினாள். ராக்கம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். ஆதப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். எல்லாம் முருகன் செயல், அவன்தான் வயருக்குள் புகுந்து காரை மடக்கியிருக்கிறான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அஞ்சாவது ஏனுக்குப் போகாமலே மூல காரணம் கிடைத்துவிட்டது.

வாசல் மணி அடித்தது. அவரே போய்க் கதவைத் திறந்தார். லாம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"மேடம் இல்லையா?" என்று தம் வியட்நாம் பாஷையில் கேட்டார். சந்தைக்குப் போய் வருகிற அளவுக்கு அது ஆதப்பனுக்குத் தெரியும்.

"வேலையா இருக்கா. என்கிட்டயே சொல்லு."

லாம் உள்ளங்கையை விரித்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சின்னச் சின்னதாக மூன்று ஃபியூஸ்கள் இருந்தன.

"விருந்தாளி வந்து சேர்ந்ததும் மாட்டிடணும்னு சொல்லிக் காலையிலேயே காரோட இன்னொரு சாவியைக் கொடுத்திருந்தாங்க. இப்ப போய்ப் பாத்தா உள்ள எல்லா வயரும் இடம் மாறியிருக்கு சார். எனக்குப் பயமா இருக்கு. அதான் கொண்டாந்துட்டேன்."

ஆதப்பன் ஃபியூஸ்களைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றுபோயிருந்தது.

"இதை... யாரு எடுக்கச் சொன்னது?"

"சிவப்பு லைட்டுக்கு சார், மேடம் சொன்னாங்க. நீலம் பாட்டுக்கு, அது உங்க பொண்ணு சொன்னது."

"அப்ப இந்த மஞ்சள்?"

லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது ஹாரன் சார். அதை யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்தேன்."