பல்லியின் பூர்வீகம் விசாரித்த நாள்

2024 ஜூன் 16, ஞாயிறு. காலை 5.40க்கு எழுந்தேன். வெந்நீர் குடித்தேன். பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தேன் (இல்லை). 6.15க்கு, முந்தைய இரவு எண்ணிய பல்லிகளின் பட்டியலைச் சுத்தப் பிரதி எடுத்தேன்.

கடைசி வரிக்கு விளக்கம் தேவை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் நடைபாதை விளக்கைச் சுற்றி மூன்று வகைப் பல்லிகள் குடியிருக்கின்றன. மூன்றும் உறவுக்காரர்கள்தான். முள்வால் விளக்கடியைப் பிடித்துக்கொள்ளும். தட்டைவால் தூண் பக்கம் ஒதுங்கிவிடும். குண்டுவால் செருப்பு அலமாரிக்குப் பின்னால் (பெயர்கள் நான் வைத்தவை). ஒரே சுவரை இவை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன, எது எந்த ஊரிலெல்லாம் வாழ்கிறது என்று இரண்டு வருடமாகக் குறித்து வந்தேன். முள்வால் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கேயும் உண்டு. தட்டைவால் இங்கே உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. இந்த அறிவால் யாருக்கும் கெடுதல் வராது என்று அன்று மதியம் வரை நம்பியிருந்தேன்.

மதியம் மூன்று மணிக்குக் கிள்ளானில், மாப்பிள்ளை வீட்டில் இருந்தோம். என் மகள் யாழினியும் தினேஷும் ஐந்து வருடமாக விரும்புகிறவர்கள். தினேஷின் அம்மா பரமேஸ்வரி நான்கரை வருடம் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் அரை மனதாகத் தட்டு மாற்ற ஒப்புக்கொண்டிருந்தார். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் மாற்றியாக வேண்டும்.

3.50க்கு பரமேஸ்வரி தேதியைச் சொல்ல வாய் திறந்தார். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி கத்தியது.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"பார்த்தீங்களா அண்ணே? அந்தத் திசையில கத்துனா ஆகாது. எனக்கு அப்பவே மனசு சரியில்ல."

யாழினியின் முகம் வாடியது. தினேஷ், "ம்மா, சிச்சாக்கும்மா அது. தினமும்தான் கத்துது லா," என்றான் (சிச்சாக்கு என்பது பல்லிக்கு மலாய்ப் பெயர்).

"தினமும் நான் கல்யாணத் தேதியா சொல்றேன்?"

அப்போதுதான் எனக்கு ஒரு அற்புதமான யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் வந்த எல்லா அற்புதமான யோசனைகளையும் போலவே இதையும் வாய்விட்டுச் சொன்னேன்.)

"அக்கா, பஞ்சாங்கம் எழுதுனவங்க தமிழ்நாட்டுப் பல்லியைப் பார்த்து எழுதுனாங்க. இங்க இருக்கிற தட்டைவால் வேற ஜாதி. அது கத்துறதுக்கு அதுல பலனே கிடையாது."

பரமேஸ்வரி யோசித்தார். "வேற ஊருப் பல்லியா?"

"ஆமா. சொந்தம்தான், ஆனா அங்க இல்ல."

"அப்போ பரவாயில்ல," என்று தட்டை மறுபடி எடுத்தார். மணி 4.02. என் மனைவி மல்லிகா என்னைப் பெருமையுடன் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் இது இரண்டாவது தடவை.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அது தட்டைவால்தான் என்று நான் கண்ணால் பார்க்கவில்லையே? பார்க்காததைப் பார்த்ததுபோல் சொல்வது என் வழக்கமில்லை. கைப்பேசி விளக்கை எரியவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தை நகர்த்தினேன். உள்ளே இருந்தது வெளியே வந்தது. வால் முழுக்க வரிசை வரிசையாக முள்.

"மன்னிக்கணும் அக்கா. தப்பாச் சொல்லிட்டேன். இது தமிழ்நாட்டுலயும் இருக்கிற ஜாதிதான்."

பரமேஸ்வரி தட்டை மறுபடி கீழே வைத்தார்.

"அப்பா," என்றாள் யாழினி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இறங்குங்க," என்றாள் மல்லிகா.

இறங்க முயன்றேன். நாற்காலி என்னை முந்திக்கொண்டது. பிடிமானத்துக்குச் சுவரைப் பிடித்தேன். கையில் கிடைத்தது பல்லியின் வால். வாலை என்னிடம் விட்டுவிட்டு மிச்சப் பல்லி பரமேஸ்வரியின் தோளில் குதித்தது. நான் போட்ட கூச்சலில் வால் வெற்றிலைத் தட்டில் விழுந்து, ஒரு நிமிடம் நாற்பது விநாடி தனியாக ஆடியது.

பரமேஸ்வரி தலைக்குக் குளிக்கப் போனார். மணி 4.09. தினேஷ் பஞ்சாங்கத்தைப் புரட்டினான். மல்லிகா என்னைப் பார்க்கவே இல்லை. கூடத்தில் கேட்டது குளியலறைத் தண்ணீர்ச் சத்தமும் யாழினியின் மூக்குறிஞ்சலும்தான்.

4.21க்குக் கூந்தலில் துண்டுடன் வெளியே வந்தார்.

"தோள்ல விழுந்தா என்னடா போட்டிருக்கு?"

"வெற்றின்னு போட்டிருக்கும்மா."

"யாருக்கு?"

"யாரு தோளோ அவங்களுக்குத்தான்."

"அப்போ எனக்குத்தானே வெற்றி?" நான்கரை வருடத்தில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "கல்யாணம் கிள்ளான்லதான். தேதி நான் சொல்றதுதான். இவரு இனிமே என் வீட்டுல நாற்காலி மேல ஏறக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். வேறு வெற்றிலை வைத்து, 4.28க்குத் தட்டு மாற்றினோம்.

இன்றைக்கும் எங்கள் இரு குடும்பத்தில் எங்கே பல்லி கத்தினாலும், எல்லோரும் என் பக்கம் திரும்பி "எந்த ஊரு?" என்று கேட்கிறார்கள். அதை முதலில் கேட்டவர் சம்மந்திதான். மறுநாள் காலை 5.40க்கு எழுந்து கைப்பேசியைப் பார்த்தால், அவர் அனுப்பிய படம் ஒன்று வந்திருந்தது. சமையலறை ஜன்னலில் ஒரு பல்லி. கீழே குரல் செய்தி: "சம்மந்தி, இது எந்த ஊரு?"

பெரிதாக்கிப் பார்த்தேன். முள்வால். எந்தெந்த நாடுகளில் உண்டு என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். வெந்நீர் குடிக்கும் முன்பே பதில் எழுதி அனுப்பினேன்:

"கிள்ளான்தான்."