ஆம்புரோஸின் லோரி டியூப்

'டமார்' என்ற சத்தத்தில் டோரிஸ் கையிலிருந்த பருப்புச் சட்டி நழுவியது.

கூடத்துக்கு ஓடிவந்தாள். அவள் கணவர் ஆம்புரோஸ், முகமெல்லாம் வெள்ளை மாவோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில், உள்ளே பூசியிருந்த மாவைக் கக்கிவிட்டுக் கிழிந்த லோரி டியூப்.

"கம்பி குத்திருச்சு," என்றார்.

"டியூப்புல யாரு கம்பியக் கட்டச் சொன்னது?"

"தூண்டில் தானா நிக்கணும்லா. கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்தா, ஆளு புதுசுன்னு தெரிஞ்சிரும்."

ஆம்புரோஸ் புதுசுதான். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு லோரி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மீனை அவர் சந்தித்ததெல்லாம் குழம்பில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிலிம் ரிவர் என்ற ஊரிலிருந்து அவர் மகள் பெட்ரீசியாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா லியோனார்டுக்கு மீன் பிடிப்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று தரகர் ஜெயபாலன் சொல்லிவிட்டார்.

"வீட்டுல உக்கார வச்சுப் பேசாதீங்கண்ணே. குட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கேயே காரியம் முடிஞ்சிரும்."

ஐந்து மாப்பிள்ளைகளை வேண்டாமென்ற பெட்ரீசியா, ஆறாவது ஆளின் போட்டோவை பைபிளுக்குள் வைத்திருந்தாள். அதற்காக ஆம்புரோஸ் முதலைக் குட்டையில்கூட இறங்குவார்.

பக்கத்து ஊரான செமோரில், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டையில் படகு கிடையாது. லோரி டியூப்பில் துணி இருக்கை கட்டி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு மிதந்தபடிதான் மீன் பிடிப்பார்கள். ஆம்புரோஸ் ஸ்டோரிலிருந்து இன்னும் இரண்டு பழைய டியூப்புகள் கேட்டு வாங்கினார்.

கம்பியை விட்டுவிட்டு, ரப்பர் பட்டையால் குழாய்த் துண்டுகளைக் கட்டினார். தூண்டில் கம்பீரமாக நின்றது. அன்று சாயங்காலம் பெட்ரீசியா குளித்த தண்ணீர் கூடத்துக்கு வந்தது.

"குளியலறைக் குழாய அறுத்தீங்களா?" என்றாள் டோரிஸ்.

"ஓரத்துல கொஞ்சம்."

வியாழக்கிழமை ஜெயபாலன் ஒரு பெட்டியோடு வந்தார். லியோனார்ட் அனுப்பியது. கூடவே ஒரு சீட்டு: 'அண்ணன் அவர்களுக்கு, இது தண்ணீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் கருவி. டியூப்பில் மாட்டும் விதம் தங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

"பரீட்சை வைக்கிறாரு," என்றார் ஆம்புரோஸ் மெதுவாக.

பெட்டியின் முகத்தில் ஒரு வட்டத் தட்டு. கீழே எது தட்டுப்பட்டாலும் அதில் சிவப்பு விளக்கு மின்னும். வயரில் தொங்கும் கறுப்பு உருண்டை தண்ணீருக்குள் இருக்க வேண்டும். டோரிஸின் நீளக் கரண்டியை அடுப்பில் காட்டி வளைத்து, நுனியில் உருண்டையைக் கட்டினார். பின்வாசல் தொட்டியில் மிதக்கவிட்டதும் டியூப் வலது பக்கம் சாய்ந்தது. தன் மோட்டார் சைக்கிள் பேட்டரியைக் கழற்றி இடது பக்கம் வைத்தார். இப்போது டியூப் நேராக நின்றது, நேராக முழுகியது. காற்றை ஏற்றினார். நடுவில் இறங்கிய ஆம்புரோஸ் அப்படியே மாட்டிக்கொண்டார்.

டோரிஸ் இடுப்பைச் சுற்றி எண்ணெய் ஊற்றி இழுத்தாள். "ஞாயித்துக்கிழமை சம்மந்தி முன்னால இப்படி இழுக்க முடியாது, சொல்லிட்டேன்."

"கொஞ்சம் காத்தக் கொறச்சிர்றேன்."

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கு பஸ்ஸில் போனார்.

ஞாயிறு, பூசை முடிந்ததும் இரண்டு வீட்டாரும் குட்டைக்குப் போனார்கள். லியோனார்ட் கனத்த மனிதர், பேச்சு குறைவு. டியூப்பில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார், கைதேர்ந்தவர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று ஆம்புரோஸும் மூடிக்கொண்டார்.

"குழாயெல்லாம் சொந்தமா மாட்டினதாண்ணே?"

"ஆமாண்ணே."

"பாத்தாலே தெரியுது, அனுபவம்."

ஆம்புரோஸுக்குத் தெம்பு வந்தது. அதற்குள் பெட்டியின் தட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மின்னின.

"கீழ ரெண்டு இருக்கு," என்றார்.

"பெரிசா?"

"பெரிசுதான். பக்கத்துல பக்கத்துல, அசையாம நிக்குது."

அந்த நேரம் பாதம் அரித்தது. ஆம்புரோஸ் காலை ஆட்டினார். தட்டில் ஒரு மீனும் ஆடியது. நிறுத்தினார். அதுவும் நின்றது.

கரண்டி தன் காலைப் பார்த்து வளைந்திருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே சொல்ல முடியுமா?

"விடாதீங்கண்ணே, வீசுங்க," என்றார் லியோனார்ட்.

தன் காலுக்கே தூண்டில் போட மனமில்லாமல், ஆம்புரோஸ் தள்ளி வீசினார். முள் போய் லியோனார்டின் டியூப்பில் ஏறியது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று இறங்கியது. லியோனார்ட் சத்தமில்லாமல் ஆம்புரோஸின் தூண்டில் குழாயைப் பிடித்துத் தொங்கினார். அது பட்டையோடு கழன்று வந்தது.

ஆம்புரோஸ் டியூப்பிலிருந்து நழுவித் தண்ணீரில் இறங்கினார். நல்லவேளை, நெஞ்சளவுத் தண்ணீர். சம்மந்தியைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தார்.

லியோனார்ட் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பல் தந்தியடித்தது. கரையில் பெட்ரீசியா தகப்பனைப் பார்க்காமல், கையிலிருந்த தேநீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆம்புரோஸுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அண்ணே, எல்லாம் என் தப்பு," என்றார். "எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது. உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னாங்க, அதான் வேசம் போட்டேன். என் மேல உள்ள கோவத்த எம் புள்ள மேல காட்டாதீங்க."

லியோனார்ட் வாயைத் திறந்தார். பல்தான் பேசியது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மனைவி நவமணி, துண்டை நிறுத்திவிட்டு டோரிஸைப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா, மீன் பிடிக்கத் தெரியாதவங்க வீட்டுக்கு உங்க வீட்டுக்காரரு பொண்ணு தரமாட்டாருன்னு ஜெயபாலன் சொன்னாரு, அதான் தண்ணியக் கண்டாலே நடுங்குற இந்த மனுசன நான் டியூப்புல ஏத்திவிட்டேன்."