பின்னணி இரைச்சல்

காது படைத்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அந்த ஒருவர் நம் காலத்திலேயே, மாடியில் குடியிருந்துகொண்டு, படிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்துக்கொண்டு வாழ்ந்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை. வருங்காலம் இதை நம்பாது. அதனால் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் அவரைக் 'காதுக்காரர்' என்றே அழைத்தார்கள். தெருவில் ஒரு வண்டி போனால் அவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதி வழியில் நின்றுவிடும். கண்ணை மூடுவார். "பிளக்குல கரி" என்பார். அல்லது, "கிளட்ச் பிளேட் தேஞ்சிடுச்சு, பாவம்" என்று பெருமூச்சு விடுவார். வண்டிக்காரன் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். சோதித்துப் பார்க்க வழியே இல்லாததால், அவர் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

இப்பேர்ப்பட்ட காதை அவருடைய அலுவலகம் வீணாக்கவில்லை. குறைதீர்ப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக உட்கார்த்தி வைத்திருந்தது. குறையோடு வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இவர் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் பேரிங் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார். அவர்கள் சொல்லி முடித்ததும், "கவனிக்கப்படும்" என்பார். 'கவனிக்கப்பட்டது' என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் கோப்பை மூட வேண்டிவரும். கோப்புகள் திறந்திருக்கும் வரைக்கும்தான் ஒரு பிரிவுக்கு உயிர் என்பது அவருடைய கொள்கை.

அவருக்குக் கல்யாணமும் வண்டியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. வண்டியோடு மட்டும் ஒரு கையேடு வந்தது. அதை அவர் வரி விடாமல் படித்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், எந்த மூட்டில் எவ்வளவு கிரீஸ் வைக்க வேண்டும், வெயிலில் நிறுத்தலாமா, பாரம் ஏற்றலாமா எல்லாம் அவருக்கு மனப்பாடம். கையேடு இல்லாமல் வந்ததைப் பற்றி அவர் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கழற்றப்படும். மாலையில் பூட்டப்படும். ஒவ்வொரு தடவையும் ஒரு திருகோ ஒரு வாஷரோ மிச்சமாகும். அவை ஒரு டப்பாவில் சேர்ந்துகொண்டே வந்தன. வயதாக ஆக வண்டி தேவையில்லாததை எல்லாம் தானாகவே துறக்கிறது என்று அவர் பூரித்துப்போனார்.

இந்தப் பணியில் அவருக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. பல கடைகளைத் திறந்து, திறந்த கையோடு மூடிய அனுபவசாலி. கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். அது எந்த நட்டுக்கும் பொருந்தாது. மனைவிக்கு இந்தத் துறையில் பதவி எதுவும் இல்லை, வேலை மட்டும் இருந்தது. டீ கொண்டு வர வேண்டும். டார்ச் பிடிக்க வேண்டும். உருண்டோடும் நட்டைக் குனிந்து தேட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்.

ஒருநாள் மாலை அந்தச் சத்தம் வந்தது.

மனைவிக்கு முட்டி வலி. டாக்டரிடம் காட்டக் கிளம்பியிருந்தார்கள். அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்து ஏறினாள்.

'டக்.'

அவருடைய முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. அது வண்டி இல்ல. என் முட்டி."

"உஷ்! பேசாம இரு. மறுபடியும் வருதான்னு பாப்போம். எறங்கு."

இறங்கினாள். 'டக்.' ஏறச் சொன்னார். 'டக்.' இன்னொரு தடவை இறங்கச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். 'டக்.'

"ஏறும்போதும் வருது, எறங்கும்போதும் வருது. பாரம் சம்பந்தப்பட்ட கோளாறு. பின்பக்கம்தான்."

"பாரம் நான்தாங்க. மாடிப்படி ஏறும்போதும் இதே சத்தம்தான் வருது. நேரமாச்சு, டாக்டர் போயிடுவாரு."

"இந்தச் சத்தத்தோட வண்டியை ரோட்டுக்குக் கொண்டு போறதா? வண்டி என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப பஸ்ல போலாமா? படி உசரம்தான். நீங்க கை கொடுத்தா ஏறிடுவேன்."

"சொந்த வண்டியை வச்சுக்கிட்டு பஸ்ஸா!" வண்டியின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல சத்தம் தீரட்டும். அப்புறம் உன் முட்டி."

"அந்தச் சத்தமே என் முட்டிதாங்க."

"கவனிக்கப்படும்."

இவ்வாறாக வீட்டின் கொள்கை வகுக்கப்பட்டது. முட்டியைக் காட்ட வேண்டுமானால் வண்டி வெளியே போக வேண்டும். வண்டி வெளியே போக வேண்டுமானால் சத்தம் நிற்க வேண்டும். சத்தம் நிற்க வேண்டுமானால் முட்டியைக் காட்ட வேண்டும். இவ்வளவு வழுவழுப்பாகச் சுற்றும் சக்கரத்தை எந்த வண்டிக் கம்பெனியும் இதுவரை செய்ததில்லை.

அவர் 'மூத்த வண்டிகள் மன்ற'த்தின் ஆயுள் உறுப்பினர். அதன் கைபேசிக் குழுவில் இரவு பகல் பாராமல் கார்புரேட்டர்களைப் பற்றி விவாதிப்பார்கள். சத்தத்தைப் பதிவு செய்து அதில் போட்டார். நிபுணர்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் டேப்பட் என்றார். ஒருவர் செயின் என்றார். இன்னொருவர், தன் வண்டியில் இதே சத்தம் வந்ததாகவும், வண்டியை விற்றதும் நின்றுவிட்டதாகவும் எழுதினார். மன்றத் தலைவர் மட்டும் நிதானமாக ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"பதிவு தெளிவா இல்லண்ணே. பின்னணியில ஒரு லேடி வாய்ஸ் என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கு. அந்த இரைச்சல் இல்லாம எடுத்துப் போடுங்க."

நியாயமான கோரிக்கை. அவர் மனைவியைக் கீழே கூப்பிட்டார்.

"இப்ப ஏறு. வாயைத் தொறக்காத."

அவள் வாயைத் திறக்காமல் ஏறினாள். வலியில் 'அம்மா' என்று வந்ததைக்கூட உள்ளேயே விழுங்கிவிட்டாள். 'டக்' மட்டும் தெளிவாகப் பதிவானது. 'அற்புதம்' என்று குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததை மருத்துவ உலகம் பொறாமையோடுதான் பார்க்கும். செயின் புதிதாகப் போடப்பட்டது. டேப்பட் இறுக்கப்பட்டது, பிறகு தளர்த்தப்பட்டது, பிறகு பழையபடியே விடப்பட்டது. பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, கிரீஸ் தடவி மாட்டினார். தேய்ந்த ரப்பர் புஷ்களைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு நாளா இப்படித் தேஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று கலங்கினார். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் காலை மாற்றி நின்றுகொண்டாள்.

எல்லாம் முடிந்து அவளை ஏறச் சொன்னார்.

'டக்.'

இந்த இடத்தில்தான் மைத்துனருக்கு மூளை வேலை செய்தது. அக்காவின் எடைக்கு ஒரு சிமென்ட் மூட்டையைக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தார். சத்தம் வரவில்லை. வண்டியைக் குலுக்கினார்கள். வரவில்லை. மூட்டையோடு தெருவைச் சுற்றி வந்தார்கள். அப்போதும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"புடிச்சிட்டேன் அத்தான்!" என்று மைத்துனர் துள்ளினார். "மூட்டையை நாம தூக்கி வைக்கிறோம். அக்கா தானா ஏறுது. மூட்டைக்குக் கால் இல்ல. அக்காவுக்குக் கால் இருக்கு. அப்ப கோளாறு அந்தக் கால்..."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"...அந்தக் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்லதான் அத்தான்!"

காதுக்காரர் மைத்துனரைக் கட்டிக்கொண்டார். ஃபுட்ரெஸ்ட் மாற்றப்பட்டது. மூட்டை மட்டும் எடுக்கப்படாமல் படிக்கட்டு ஓரத்திலேயே கிடந்தது. மனைவி அதைச் சுற்றிக்கொண்டு மாடி ஏறினாள்.

சத்தம் தீராவிட்டாலும் புகழ் பரவிவிட்டது. ஒரு சத்தத்தை இவ்வளவு பொறுமையோடு பின்தொடர்ந்த மனிதர் வேறு யார்? மன்றத்தின் ஆண்டு விழாவில் அவருக்குச் 'செவிச் செம்மல்' என்ற பட்டமும், பித்தளையில் செய்த பிஸ்டன் ஒன்றும் வழங்குவதென்று தீர்மானமாயிற்று. வண்டியோடும் குடும்பத்தோடும் வர வேண்டும் என்பது விதி. வண்டி முதலில், குடும்பம் அடுத்து.

விழாவுக்கு மட்டும் வண்டியைச் சத்தத்தோடு வெளியே எடுக்கலாமா என்று மனைவி கேட்டாள்.

"வண்டியைப் பத்தித் தெரிஞ்சவங்க அத்தன பேரும் அங்கதான் இருக்காங்க. கூட்டிட்டுப் போய்க் காட்ட வேண்டாமா?" என்றார்.

"போற வழியிலதான் ஆஸ்பத்திரி. ஒரு எட்டு என்னையும் காட்டிட்டுப் போயிடலாமே."

"வரும்போது பாக்கலாம்."

ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது, 'ஒலி எழுப்பாதீர்' என்ற பலகையைக் கண்டு அவர் நெகிழ்ந்தார். ஒலியின் அருமை தெரிந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றார். அவள் கழுத்தைத் திருப்பி அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. தலைவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். சத்தத்தின் தோற்றம், வளர்ச்சி, சமுதாயத்தில் அதன் பங்கு என்று பேசிக்கொண்டே போனார். பாதிப் பேர் தூங்கி விழித்த பிறகு காதுக்காரர் மேடைக்கு அழைக்கப்பட்டார். ஒரு கையில் பித்தளைப் பிஸ்டன். இன்னொரு கையில் சட்டம் போட்ட பட்டயம்.

"இவரோட வெற்றிக்குப் பின்னால, அதாவது பின்சீட்டுல, எப்பவும் உக்காந்திருக்கிற துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறோம். வாங்கம்மா, வாங்க!" என்று தலைவர் படிக்கட்டின் பக்கம் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய கையில் ஒலிவாங்கி இருந்தது.

அவள் முதல் படியில் காலை வைத்தாள்.

'டக்.'

மண்டபத்தின் இரண்டு பக்கத்து ஒலிபெருக்கிகளிலும் இடி மாதிரி விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

'டக்.'

"அதே சத்தம்!" என்று ஒருவர் கத்தினார். "டேப்பட்!" என்றார் இன்னொருவர். "நான் அப்பவே சொன்னேன், செயின்!" என்று பின்வரிசை குதித்தது.

"வண்டியை மண்டபத்துக்குள்ள யாரு கொண்டு வந்தது?" என்று தலைவர் அதட்டினார்.

மைத்துனர் வெளியே ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "வண்டி வெளியதான் பூட்டிக் கெடக்கு அத்தான். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கு. தலைவர் பேச்சுலயே ஆறிடுச்சு!"

மேடை ஏறி முடித்தவள் தலைவரின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"அது வண்டி இல்லங்க. என் முட்டி. மொத நாள்லேருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க எல்லாரும் கேட்ட பதிவுலயும் சொல்லியிருக்கேன். பின்னணி இரைச்சல்னு சொன்னீங்களே, அது நான்தான். வீட்ல எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாச்சு. நான் ஒருத்திதான் பாக்கி."

எல்லோரும் காதுக்காரரையே பார்த்தார்கள். அவர் உதடு துடித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

"அப்ப..." என்றார். "அப்ப வண்டிக்கு ஒண்ணுமே இல்லையா?"

ஒரு கணம்தான். பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. முன்வரிசை எழுந்து நின்றது. தலைவர் தாவி ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கி, வண்டி குற்றமற்றது என்று அறிவித்தார். நிபுணர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். டேப்பட் என்றவரும் செயின் என்றவரும் சமாதானமானார்கள்.

ஆரவாரம் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். ஓய்ந்ததும், "கீழ எறங்கணும். யாராவது கை கொடுங்க" என்றாள்.

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நூற்றுக்கணக்கில் கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைபேசி. அவளுடைய கணவரின் இரண்டு கைகளிலும் ஏற்கெனவே பரிசு இருந்தது. கை கொடுக்க அங்கே கைகளா இல்லை? அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

'டக். டக்.'

பின்னணி இரைச்சல் கொஞ்சமும் இல்லாத அருமையான பதிவு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

அவள் யாரையும் பார்க்காமல் மண்டபத்தை விட்டு வெளியே போனாள். குற்றமற்ற வண்டியைக் கடந்து, சாலையில் நின்று ஒரு டாக்சியைக் கை காட்டி நிறுத்தினாள். காதுக்காரர் பிஸ்டனும் பட்டயமுமாகப் பின்னாலேயே ஓடி வந்தார். மைத்துனர் அவருக்குப் பின்னால் வந்தார்.

அவள் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றதா இருந்தா இப்ப ஏறுங்க. இல்லன்னா இனிமே உங்க வண்டிக்குப் பின்னாடி அந்த மூட்டையவே..."

"உஷ்!" என்று அவர் பிஸ்டன் இருந்த கையை உயர்த்தினார். கண்ணை மூடினார். தலையை டாக்சியின் முன்பக்கம் சாய்த்தார். "கொஞ்சம் பேசாம இரு."

அவள் கண்ணாடியை ஏற்றினாள். டாக்சி போய்விட்டது. அது திருப்பத்தில் மறைந்து, அதன் சத்தமும் அடங்கிய பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"அக்கா என்னமோ சொல்லுச்சே, என்ன அத்தான்?" என்று கேட்டார் மைத்துனர்.

உலகத்தில் கேட்கத் தெரிந்த அந்த ஒரே மனிதர், போன டாக்சியை நினைத்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"டைமிங் செயின்" என்றார். "ரொம்ப நாளா யாரும் கவனிக்காம விட்டுட்டாங்க."