பழுதாகாத வண்டிக்கு ஒரு நோட்டீஸ்

அன்றைய ஜூலை மாதச் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் ராமானுஜம், மீன் வியாபாரி சிங்காரம், ஆஸ்பத்திரி நர்ஸ் ரெபேக்காள், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் விஷால், சாலமோன், தமிழரசி, அபிஷேக், பூபாலன். ஆக எட்டுப் பேர். கார்களும் எட்டு. சாலமோன், தமிழரசி, அபிஷேக் மூவரும் வாய் திறக்கிறவர்கள் அல்ல. தீர்மானம் வந்தால் கை தூக்குவார்கள். அவர்கள் கை தூக்காமல் சங்கத்தில் எதுவும் நிறைவேறியதில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு முந்நூறு அடி தூரத்தில் இருக்கிறது அலைவாய் நகர். அங்கே வெளியே நிறுத்திய கார் முதல் வருடம் கதவோரத்தில் துருப்பிடிக்கும். மூன்றாம் வருடம் காலடியில் ரோடு தெரியும். எல்லாம் உப்புக் காற்றின் வேலை. அதற்காகவே கார் உரிமையாளர் நலச் சங்கம் மூன்று பக்கமும் சுவர் வைத்து ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தது. உள்ளே எட்டு இடம், உறுப்பினர்களுக்கு மட்டும்.

உறுப்பினராக நீடிக்க ஒரே விதிதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை வாசலில், தம் வண்டியில் அந்த மாதம் செய்த பழுதுபார்ப்பையோ மேம்பாட்டையோ மூன்று பிரதிகளில் எழுதி வாசிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் வாசிக்க ஒன்றும் இல்லாதவர் ‘ஆர்வமற்ற உறுப்பினர்’. அவர் வண்டி வெளியே போகும்.

பூபாலனுக்கு இது மூன்றாவது மாதம்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஸ்டோரில் இருந்தவர் அவர். போல்ட், நட், வாஷர் எண்ணிக் கொடுப்பது, எண்ணி வாங்குவது. எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை. நாலு பேர் நடுவில் பேச்சு வராது. எண்ணிக்கை மட்டும் தப்பாது. ஓய்வு பெற்றபோது வாங்கிய வண்டிக்கு இப்போது பதினோரு வயது. தினமும் காலையில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி அடிப்பாகத்தைக் கழுவுவார். அதனால் வண்டி கெடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

கூட்டம் தொடங்கியது. சிங்காரம், காரின் மேல்கூரையை வெட்டி வானம் பார்க்க ஜன்னல் வைத்ததை வாசித்தார். மழைக்கு ஒழுகியதால் உள்ளே குடை மாட்ட ஒரு ஸ்டாண்டும் பொருத்தியிருந்தார். ரெபேக்காள் வண்டியின் பின்பக்க கேமரா மூன்று மொழியில் எச்சரித்தது. விஷால் மாட்டிய சைலன்சர் சிங்கம் போல உறுமியது. தலைவர் தம் வண்டியின் முன்னால் கொடிக்கம்பி வைத்திருந்தார். கொடி கட்டும் அதிகாரம் இல்லாததால் கம்பி மட்டும்.

“அடுத்து, பூபாலன்.”

பூபாலன் எழுந்தார். “இந்த மாசமும் ஒண்ணும் இல்லீங்க.”

“இன்னா அண்ணாத்த, ஒரு பல்பு கூடவா பீஸ் போவல?” என்றார் சிங்காரம்.

“போவல.”

“வைப்பர்?”

“தொடைக்குது.”

“காரா அது, கருங்கல்லா?” என்றான் விஷால்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்தவர். அவருக்கு ஆச்சரியம் வந்தால் அது நோட்டீஸாகத்தான் வெளியே வரும். அங்கேயே எழுதி வாசித்தார்:

“தங்கள் வாகனம் தொடர்ந்து மூன்று மாதங்களாகப் பழுதின்றி இயங்கி வருவது சங்கத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இப்பழுதின்மைக்கான காரணத்தை உடனடியாக எழுத்து மூலம் தெரிவிக்கவும். தவறினால் எட்டாம் எண் இடம் ரத்து செய்யப்படும்.”

“தண்ணி ஊத்திக் கழுவுறேன்” என்றார் பூபாலன்.

“அது பராமரிப்பு. படிவத்தில் பராமரிப்புக்குக் கட்டம் இல்லை.”

“பாவங்க அவரு” என்றார் ரெபேக்காள். “உள்ளாற எங்கனா நோவு இருக்கும், இவருக்குத் தெரிலயோ இன்னாவோ. டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமே.”

கூட்டாய்வு என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று கைகள் உயர்ந்தன. யாருக்கு எதில் அனுபவமோ அவர் அதைக் கழற்றுவது என்று முடிவாயிற்று. சைலன்சர் மாற்றிய விஷால் சைலன்சரைக் கழற்றினான். கூரையை வெட்டிய சிங்காரம் பானெட்டைப் பிரித்தார். பம்பரில் கேமரா வைத்த ரெபேக்காள் பம்பரை எடுத்தார். தலைவர் மேற்பார்வையிட்டார். கழற்றிய போல்ட் எல்லாம் ஒரே எவர்சில்வர் பேசினில் விழுந்தன. பூபாலன் ஓரமாக நின்று ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணினார். தொண்ணூற்று நான்கு.

ஒரு பழுதும் அகப்படவில்லை. திரும்ப மாட்டினார்கள். பேசினில் ஒன்பது போல்ட் மிஞ்சியது.

“என் பங்கு முழுசா மாட்டியாச்சு” என்றார் சிங்காரம்.

“என்னுதும்” என்றான் விஷால்.

எல்லோரும் முழுசாக மாட்டியிருக்கும்போது மிஞ்சியது எப்படி? தலைவர் கண்ணை மூடி யோசித்தார். “கம்பெனியே தேவைக்கு அதிகமாகப் போட்டிருக்கிறது. இவை உபரி.”

சாவி போட்டதும் வண்டி கிளம்பிற்று. உபரி என்பது அதோடு நிரூபணமாயிற்று. ‘உபரி போல்ட் நீக்கம்’ என்று பூபாலனின் ஜூலை மாதப் படிவம் நிரப்பப்பட்டது. எட்டாம் எண் இடம் தப்பியது. பேசினும் ஒன்பது போல்ட்டும் சங்கச் சொத்தாகி அலமாரிக்குப் போயின.

மறுநாள் காலை பூபாலன் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி, அதே அளவில் ஒன்பது போல்ட் வாங்கி வந்தார். சைலன்சருக்கு நான்கு, பம்பருக்கு மூன்று, பானெட்டுக்கு இரண்டு. தரையில் படுத்து ஒவ்வொன்றாக முடுக்கினார். அவர் கையில் முடுக்கிய போல்ட் எதுவும் தானாகக் கழன்றதில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: “உபரி நீங்கிய பின் வாகனம் எப்படி?”

“நல்லா ஓடுதுங்க. ஆனா அந்த ஒம்போதையும் நான்...”

“தன்னடக்கம்!” என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

“வெயிட்டு கொறைஞ்சா மைலேஜ் ஏறும் அண்ணாத்த” என்றான் விஷால். “ஃபாரின்ல ரேஸ் வண்டிக்கெல்லாம் இதான் டெக்னிக்கு.”

பூபாலன் இன்னொரு முறை வாயைத் திறந்தார். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. உதட்டில் உப்புக் கரித்தது. எட்டாம் எண் இடத்தில் நின்ற தம் வண்டியைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அலைவாய் நகரில் வேறு பேச்சே இல்லை. “நீ ஒம்போது எடுத்துட்டியா?” என்று கேட்டுத்தான் காபியே குடித்தார்கள். எங்கிருந்து எடுப்பது என்பதில் கட்டாயம் இல்லை. எண்ணிக்கை மட்டும் ஒன்பது. ஏழு வண்டியிலிருந்தும் ஏழு ஒன்பது பேசினில் விழுந்தது. பூபாலன் யார் கண்ணிலும் படாமல் இரண்டு வாளி தண்ணீரோடு வந்து போனார்.

செப்டம்பர் கூட்டத்துக்கு ஏழு பேர் ஒர்க்ஷாப்பிலிருந்து நேராக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஏழு வண்டியும் அங்கேதான். ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் தடிமனாக மூன்று பிரதி.

விஷாலின் சிங்கம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் கழன்று விழுந்து, உருண்டு, அங்கேயே அடங்கிவிட்டது. சிங்காரத்துக்கு நடு ரோட்டில் பானெட் திறந்து கண்ணாடியை மறைத்தது. மச்சான் ஓட்ட, அவர் வானம் பார்க்கும் ஜன்னல் வழியாக எழுந்து நின்று “லெப்டு, மச்சான், லெப்டு!” என்று கத்திக்கொண்டே வந்து சேர்ந்தார். ரெபேக்காளின் கேமரா, பின்னால் ஏதோ பொருள் கிடக்கிறது என்று மூன்று மொழியில் சொன்னது. அது அவருடைய பம்பர். தலைவர் வண்டியில் கொடிக்கம்பி மட்டும் அசையவில்லை.

“சங்க வரலாற்றில் இத்தனை பழுது ஒரே மாதத்தில் பகிரப்பட்டதில்லை” என்று தலைவர் பாராட்டினார். “அடுத்து, பூபாலன்.”

பூபாலனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அய்யா, என் வண்டி ஓடினதுக்குக் காரணம் வேற. மறுநாளே ஒம்போதையும் வாங்கி மாட்டிட்டேன். என்னால ஏழு வூட்டு வண்டி வீணாப் போச்சு. மன்னிச்சுக்கங்க.”

ஏழு பேரும் எட்டாம் எண் இடத்து வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அடப்பாவி அண்ணாத்த” என்றார் சிங்காரம் மெதுவாக. “கெடாத வண்டிய வச்சிகினு ஊரையே ஏமாத்திகினு இருந்துகிறியே!”

“எவ்வளவு சாதுவா இருந்தாரு” என்றார் ரெபேக்காள்.

தலைவர் பழைய படிவத்தை எடுத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “நீக்கிய போல்ட்டைத் திரும்ப மாட்டியதால் ஜூலை மேம்பாடு செல்லாது. மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம் பழுதின்மை. எட்டாம் எண் இடம் ரத்து. ஆதரிப்பவர்கள்?”

சாலமோன், தமிழரசி, அபிஷேக் கை தூக்கப் போனார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்றார் பூபாலன்.

சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். வண்டியின் பின்னால் போய்க் குந்தினார். நம்பர் பிளேட்டுக்கு நான்கு போல்ட். அதில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, அவருக்குத் தெரியும். வலது மூலையில் இருந்ததைக் கழற்றினார். முப்பத்தோரு வருட ஸ்டோர் வேலையிலும் அதற்குப் பிறகும், தேவையில்லாமல் அவர் கழற்றிய முதல் போல்ட்.

“இந்த மாச மேம்பாடு” என்றார்.

“எத்தனை?”

“ஒண்ணு.”

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். குறைந்தபட்சம் இத்தனை என்று எங்கும் இல்லை. “ஏற்கப்பட்டது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சிங்காரம் எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எட்டாம் எண் இடம் தப்பியது. மற்ற ஏழு இடத்திலும் வண்டி இல்லை. பூபாலன் தம் போல்ட்டைப் பேசினில் போட்டார். பழக்க தோஷத்தில், எல்லாவற்றையும் ஒரு முறை எண்ணினார்.

எழுபத்து மூன்று.