தோசைக்கல்லுக்கு ஷூ என்று பெயர்

அன்புள்ள ஏகாம்பரம் மாமாவுக்கு, அண்ணனூரிலிருந்து யுவராணி வணக்கத்துடன் எழுதுவது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அத்தைக்குக்கூட வேண்டாம். அத்தைக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் தூங்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் சத்தம் கேட்கும் என்பதால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதுகிறேன். முடித்ததும் அப்பாவின் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, உடனே அழித்துவிடுவேன். கனடாவில் பனி அதிகமா? எங்கள் வீட்டுக் கஷ்டம் முழுவதும் அந்தப் பனியால் வந்ததுதான்.

நீங்களே செய்த தகட்டைப் புல்வெட்டும் வண்டியின் முன்னால் பொருத்தி, வாசல் பனியைத் தள்ளுவதாகப் படம் அனுப்பினீர்கள் அல்லவா, அது கல்லில் குத்தி நின்று உங்களைத் தூக்கி எறிகிறது, என்ன செய்யலாம் மச்சான் என்று கேட்டீர்கள் அல்லவா, அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் அவருக்கு உங்கள் கேள்வியே புரியவில்லை. "பனியைத் தள்றதுக்கு வண்டியா? மார்கழி மாசத்துல நாங்கல்லாம் தலையில துண்டு கட்டிகினு போறோம், ஒங்க மாமனுக்கு வண்டி கேக்குதா?" என்றார். நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸைச் சுரண்டித் தட்டில் கொட்டி, ஸ்கேலால் தள்ளிக் காட்டினேன். அப்பா வெகுநேரம் தட்டையே பார்த்தார். "அதே மாதிரி ஒண்ணு செஞ்சாத்தான் அதுக்கு இன்னா நோவுன்னு தெரியும் பாப்பா" என்றவர், மறுநாளே காயலான் கடையிலிருந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவில் புல்லும் இல்லை, பனியும் இல்லை. ஆனால் மழை விட்ட பிறகு கணுக்கால் மூழ்கச் சேறு இருந்தது.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பகல் முழுவதும் வெல்டிங் வைத்துவிட்டு வந்து, மாலையில் மறுபடி வெல்டிங் வைத்தார். ஷேர் ஆட்டோவின் ஷாக் ஸ்பிரிங் இரண்டைத் தகட்டுக்குப் பின்னால் பொருத்தினார். கல்லில் பட்டால் தகடு தலைகுனிந்து, கல்லைத் தாண்டியதும் தானாக நிமிர்கிறது மாமா! அப்பா எட்டாவது வரைதான் படித்தார் என்பதை எங்கள் இயற்பியல் டீச்சர் நம்பமாட்டார். ஆனால் ஆயில் வடிக்க அம்மாவின் வாளியை எடுத்தார், எதையோ இழுத்துக் கட்டத் துணிக் கொடியை அவிழ்த்தார். அம்மா கார்மென்ட் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தாள். "யோவ், இன்னும் ஒரே ஒரு ஊட்டு சாமான் போச்சின்னு வையி, இந்த வண்டி வந்த கடைக்கே திரும்பிப் போவும்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள். உங்கள் அக்கா, உங்களுக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் பேசி அனுப்பினீர்கள். "தகட்டுக்குக் கீழ ஷூ மாட்டுனா தரையில குத்தாதாம் மச்சான், பக்கத்து ஊட்டுக்காரன் சொல்றான்." என்ன ஷூ என்று நீங்கள் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. என் பள்ளிக்கூட ஷூவை இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் கட்டி, லேஸையும் ஒழுங்காக முடிச்சுப் போட்டார். வண்டி பத்தடி போனது. இடது ஷூ சேற்றுக்குள் போய்விட்டது. வலது ஷூ வாயைப் பிளந்துகொண்டது. எதிர்வீட்டு நாகம்மா அக்கா அப்பாவைப் பார்த்து, "இன்னா வேம்புலி, வண்டியை இஸ்கோலுக்கு அனுப்புறியா?" என்று கேட்டார். மறுநாள் காலில் அடி என்று சொல்லிக் கட்டுப் போட்டுச் செருப்போடு பள்ளிக்குப் போனேன். முதல் நாள் இடது காலில் கட்டு, அடுத்த நாள் ஞாபகமில்லாமல் வலது காலில் கட்டு. பி.டி. டீச்சர் என்னையே பார்த்தார்.

வியாழக்கிழமை அப்பா குனிந்து தகட்டின் அடியைத் தடவிப் பார்த்தார். "ஷூன்னா கால்ல போடறது இல்ல பாப்பா. தரையில வழுக்கினு போவணும். கனமா இருக்கணும், ஓரம் தூக்கிகினு இருக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டே சமையலறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் மாமா. சொல்லவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த தோசைக்கல்!

நடுவில் வெட்டி, ஓரத்தைத் தட்டி வளைத்து, தகட்டுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். இத்தனை வருட எண்ணெய் ஊறிய கல் அல்லவா, சேற்றின்மேல் வெண்ணெய்போல் வழுக்கியது. தெருக்கோடி வரை பளிச்சென்று சிமெண்ட் தெரிந்தது. நாகம்மா அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, "நீ எலெக்சன்ல நில்லுய்யா" என்றார். அப்பா அதைக் கேட்காமல் தகட்டின் கீழே குனிந்து, தேய்மானம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது.

மூன்று நாளாக இட்லிதான். கல்லை நாகம்மா அக்கா வாங்கிப் போனதாகச் சொல்லியிருக்கிறேன். நாளை ஞாயிறு, தோசை. காலையில் அம்மா கல்லைக் கேட்டால் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் நீங்கள் போன் செய்து, "அக்கா, நான் குடுத்த கல்லுதானே, நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். அத்தைக்கும் பரத்துக்கும் என் அன்பு. ஸ்பிரிங் வைக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதை மேல்பக்கம்

யாரோ கதவைத் தட்டுகி

பின்குறிப்பு: அம்மாதான். விளக்கு எரிவதைப் பார்த்து வந்து, முழுவதும் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமையே வண்டிக்கு அடியில் கல்லைப் பார்த்துவிட்டாளாம். மறுநாள் தெருவில் சேறில்லாமல், புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்கிறாள். ஷூ விஷயம் மட்டும் தெரிந்திருக்கவில்லை. அதற்காகத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா முதுகில் ஒன்று விழுந்தது.

இன்னொன்று. வெட்டியது நீங்கள் கொடுத்த கல் இல்லையாம். அதில் ஒரு தோசைகூட ஒட்டாமல் வரவில்லை என்று மூன்றாம் மாதமே பாத்திரக்காரனிடம் மாற்றிவிட்டாளாம். "தம்பி மனசு கஷ்டப்படும், அனுப்பாதே" என்று பக்கத்தில் நின்று கெஞ்சுகிறாள். ஆனால் உங்களுக்கு ஸ்பிரிங் விவரம் வேண்டுமே. ஆகவே மாமா, இந்தப் பத்தியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கை மேல்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். தோசைக்கல்லை அத்தை வெளியே போன நேரம் பார்த்து எடுங்கள்.