மீன் வகையில் சேர்ந்த அழுங்கு

மூன்று வருஷமாக மழை பார்க்காத ஒரு காட்டில், மிஞ்சியிருந்த ஒரே குளத்துக்கு எருமையைக் காவல் போட்டார்கள். ஒரு கணினியும் வாங்கினார்கள். அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தண்ணீர்.

உடம்பெல்லாம் செதிலும், வாலில் தொற்றிய குட்டியுமாக ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, பதிவு அலுவலகத்துக்கு வந்தது. குட்டியின் நாக்கு இரண்டு நாளாக வறண்டு கிடந்தது. பதிவு எழுதும் கொக்கு தலை நிமிராமல் கேட்டது. “ரோமமா, இறகா, செதிலா?”

“செதில்தான் ஐயா. ஆனா…”

“ஆனாவுக்கு இங்க கட்டம் இல்லம்மா.” செதில் என்று தட்டியதும் கணினி தானாகவே ‘மீன்’ என்று நிரப்பிக்கொண்டது. “மீனுக்கு எதுக்குத் தண்ணிச் சீட்டு? அடுத்த ஆள்.”

அழுங்கு நகரவில்லை. “குட்டிக்குப் பால் கொடுக்கிற மீனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?”

வரிசையில் நின்ற நரி சிரித்துவிட்டது. கொக்குக்கு முகம் சுருங்கியது. அது கணினி வேலை தெரிந்த தூக்கணாங்குருவியை வரவழைத்தது.

குருவி, பதிவேட்டின் கடைசியில் தன் கூடு மாதிரியே ஒரு புதுக் கட்டத்தைத் தொங்கவிட்டது. “கணினி பாஷையில இதுக்குப் பேரு ஜேசன். இன்ன வகைதான்னு கிடையாது. ரெண்டு வளைவு அடைப்புக்குறிக்கு நடுவுல எதை வேணும்னாலும் போடலாம்.”

அழுங்கு, மீன் என்பதை அழிக்கச் சொல்லிவிட்டு ஒன்று விடாமல் எழுதவைத்தது. செதில் உண்டு, பால் உண்டு, பயந்தால் சுருண்டுகொள்வேன், குட்டிக்குத் தாகம். பிறந்ததிலிருந்து தன்னை யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று அதற்குத் தோன்றியது. அடுத்து வந்த மயில் தன் நாட்டியப் படங்களைப் போட்டது. குரங்கு, மைத்துனன் மேல் ஒரு புகாரைப் போட்டது.

குளக்கரையில் எருமை பட்டியலைப் புரட்டியது. “உன் பேரு வரலையே.”

“ஜேசன்ல இருக்கு.”

குருவிக்கு ஆள் போயிற்று. குருவி சொல்லியனுப்பியது: “போடத்தான் வழி கேட்டாங்க, செஞ்சு கொடுத்தேன். உள்ள தேடணும்னு யாரும் சொல்லலையே.”

அழுங்கு பதிவு அலுவலகத்துக்கே திரும்பி நடந்தது. “ஐயா, பழையபடி மீனாவே எழுதிடுங்க.”

“முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா என் வேலையும் மிச்சம்,” என்றது கொக்கு.

இந்தத் தடவை பட்டியலைப் பார்த்த எருமை பதறிப்போயிற்று. “மீன் கரையில நிக்கக் கூடாதே” என்று இரண்டையும் கொம்பால் குளத்துக்குள் தள்ளியது. குட்டி குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. கரையேற அனுமதி இல்லாததால் இரண்டும் ஓரத்துச் சேற்றில் கிடந்தன.

மதிய இடைவேளையில் கொக்கு வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, இன்னும் செதில் முற்றாத குட்டியை வெகுநேரம் பார்த்தது.

“ஐயா, நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமே.”

“பதிவேட்டுல என்ன இருக்கோ, அதுதாம்மா எனக்குத் தெரியும்.”

அழுங்கு குட்டியை வயிற்றோடு சேர்த்து அணைத்துச் சுருண்டது. கொக்கு நாலு பக்கமும் கொத்திப் பார்த்தது. உள்ளே ஏதோ இருக்கிறது என்பது தெரிந்தது. தேடத்தான் வழியில்லை.

நீதி: யாராலும் தேட முடியாத இடத்தில் பிள்ளையை வையுங்கள்; உண்மையை மட்டும் அங்கே வைத்துவிடாதீர்கள்.