கோட்டை கட்டாதீங்க!

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இந்த வீட்டின் தலைவனாகிய நான், வரும் வெள்ளிக்கிழமை மாதிரிப் பாடத்தை என் சொந்த மூளையால், சொந்தத் திட்டப்படி, என் மனைவியின் ஒரு சொல், ஒரு புருவ நெளிப்பு, ஒரு பெருமூச்சு எதுவும் இல்லாமல் நடத்திக் காட்டுவேன்!”

பயப்படாதீர்கள். இது அப்பா குரல். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து பேசினால் உங்களுக்கும் வரும்.

எனக்கு யார் குரலும் வரும். எங்கள் தலைமையாசிரியை வேண்டுமா? தொண்டையை இரண்டு தடவை செருமிவிட்டு ‘ஆக’ என்று ஆரம்பிக்க வேண்டும். “ஹ்ம் ஹ்ம்... ஆக, யார் சிரித்தது?” அம்மா குரல்தான் சிரமம். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அடுப்பில் வைத்த பால் மாதிரி. சும்மா இருப்பதுபோல் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது.

அப்பா வரலாறு வாத்தியார். அம்மா இலக்கிய டீச்சர். இருவரும் ஒரே பள்ளி. நானும் அதே பள்ளி, அவர்களுடைய வகுப்பு. வீட்டில் தப்பினால் பள்ளியில் மாட்டுவேன். பள்ளியில் தப்பினால் வீட்டில் மாட்டுவேன். திருடனும் போலீசும் ஒரே மேஜையில் டீ குடிக்கிற குடும்பம்.

பள்ளியில் அப்பாவுக்குப் பட்டப்பெயர் ‘மைக்’. அவர் வாயைத் திறந்தால் பெஞ்சில் பேனா உருளும். காது உள்ளவர்களுக்கு அது விருந்து. நான் தேர்வுக்கு ஒன்றும் படித்துவிட்டுப் போவதில்லை. தலைக்குள் அப்பாவை ஓடவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் கடைசி பெஞ்சுக்கு அந்த விருந்து இறங்கவில்லை. முக்கியமாக என் தோழி தூணுக்கு.

கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள். அதனால் தூண். ஆனால் அவள் கையைப் பார்க்க வேண்டும்! என் பையின் அறுந்த ஜிப்பைப் பேனா மூடியால் சரிசெய்தவள். பழைய அட்டைப்பெட்டியில் மாடிப்படியோடு வீடு கட்டுகிறவள். அவள் கை பேசும். யாரும் கையைக் கேள்வி கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது தலைமையாசிரியை ஒருநாள் செருமினார். “ஹ்ம் ஹ்ம். ஆக, வரலாறு ஏறாத பிள்ளைகளை மைதானத்துக்கு அந்தப் பக்கம் தனி வகுப்பில் போட்டுவிடலாம்.” அப்பாவும் தலையாட்டிவிட்டார். “அதுங்களுக்குக் காது மூடிக்கிடக்குங்க” என்று காரணமும் சொன்னார். தனி வகுப்பு என்றால் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் கொட்டகைக்குப் பக்கத்து அறை. போனவர் யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று தூண் என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் பெஞ்சின் ஆடும் காலுக்கு அட்டை மடித்துச் சொருகிக்கொண்டிருந்தாள். தான் போனபிறகு எனக்கு ஆடக்கூடாதாம். எனக்கு அழுகை வந்தது. அழுகையை யார் குரலிலும் அழ முடியவில்லை. என் குரலில்தான் வந்தது.

அம்மாதான் ஆசிரியர் அறையில் பேச்சை நிறுத்தினாள். “ஒரே ஒரு பாடம் பார்ப்போமே. இலக்கியமும் வரலாறும் சேர்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வழியா ஏறுதோ அது வழியா. அப்பவும் அந்தப் பிள்ளைங்க வாயைத் திறக்கலைன்னா அனுப்புங்க.”

“ஆக, யார் எடுப்பது?”

அம்மா பதில் சொல்லுமுன் அப்பா எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும்தான் நீங்கள் மேலே கேட்ட அறிவிப்பு.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அப்பா திட்டமிட உட்கார்ந்தார். அம்மா எதிரே உருளைக்கிழங்கு சீவினாள். நான் நடுவில். என்னைப் பிள்ளைகள் தரப்பு என்று வைத்துக்கொண்டார்கள்.

“பிள்ளைங்கள்ல மூணு வகையாம்” என்றார் அப்பா. “கண்ணால படிக்கிறது, காதால படிக்கிறது, கையால படிக்கிறது.”

“கண்ணால படிக்கிற பிள்ளைக்கு என்னப்பா செய்வீங்க?”

“கையை நல்லா ஆட்டிப் பேசுவேன். பார்த்துக்கட்டும்.”

“காதால படிக்கிறவங்களுக்கு?”

“இன்னும் சத்தமாப் பேசுவேன்.”

“கையால?”

“கையைக் கட்டிக்கிட்டு உட்காரட்டும்.”

போச்சு. தூண் போயே போய்விட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வகுப்பில் பாட்டுக்கு மெட்டுப் போட்டு, படம் வரைந்து, பெஞ்சுமேல் ஏறி நடிக்கவிடுகிற அம்மா. இப்போது பிடிப்பாள் ஒரு பிடி!

அம்மா கிழங்கைத் திருப்பினாள். “ரொம்ப சரிங்க. எனக்கும் அதான் தோணுது. படம் கிடம்னு போட்டா பிள்ளைங்க கெட்டுப்போயிடும்.”

அப்பாவின் பேனா நின்றது. “ஏன்? ஏன் கெட்டுப்போகும்?”

“வரலாறுக்கு எதுக்குங்க படம்? உங்க வாய் போதாதா?”

“அப்படிப் பார்க்காதே. ஒரு கோட்டையைப் பத்திச் சொல்றேன். படமே இல்லாம அது கோட்டையா, கோழிக்கூண்டான்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?”

“இருந்தாலும் படத்தோட நிறுத்திக்கோங்க. அட்டையில கோட்டை கட்டறேன் அது இதுன்னு இறங்கிடாதீங்க. வகுப்பு முழுக்கக் குப்பையாகும்.”

“குப்பை! இவளுக்குக் குப்பைதான் தெரியும்! ஏய், அந்த அட்டைப்பெட்டியை எடு!”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா மேல் இல்லை, அம்மா மேல். ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சா? அவள் பின்னாலேயே அடுக்களைக்குப் போனேன்.

“ஏம்மா, அப்பா பேர் வாங்கிடுவார்னு பொறாமையா? இப்படி ஒவ்வொண்ணுக்கும் முட்டுக்கட்டை போடறே?”

“வெங்காயம் உரிக்கிறியா?”

“நான் சீரியஸாக் கேக்கறேன்.”

“நானும் சீரியஸாத்தான் கேக்கறேன். உரி.”

அடுத்த நாளும் இதே கதை. எங்கள் பாடத்தில் வருகிற அந்தக் கோட்டைக்கு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி: ‘நீண்ட முற்றுகைக்குப் பின் கதவு திறக்கப்பட்டது.’ இலக்கியப் புத்தகத்திலோ அதே கோட்டைக்குள் இருந்த ஒரு தாயின் பாட்டு. காலிக் குடத்தோடு பேசுகிறாள்.

“பாட்டை உங்க வகுப்புல கொண்டாந்துடாதீங்க” என்றாள் அம்மா. “பாட்டு வேற, வரலாறு வேற.”

“யார் சொன்னது வேறன்னு? ராஜா கதவைத் திறந்தது வரலாறு. அதுக்கு முந்தின நாள் அந்தப் பொம்பளை என்ன நெனச்சாங்கிறது இலக்கியம். ரெண்டும் ஒரே கதவுதான்!”

நான் வாயைப் பிளந்தேன். அப்பா சொன்னதை அப்பாவே ஒரு நிமிடம் ரசித்தார். பிறகு துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து நிலைவாசலில் கட்டி அகழி என்றார். சாப்பாட்டு மேஜை கவிழ்ந்து மதில் ஆனது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். படையெடுப்பின் விளைவுகள்.

அம்மா மட்டும் விடவில்லை. பிள்ளைகள் எழுந்து நிற்கக்கூடாது என்றாள். கேள்வி கேட்கவிடாதீர்கள் என்றாள். பாவம் அப்பா, தனியாகப் போராடுகிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்தால் எவ்வளவு தெம்பாக இருக்கும்! அம்மா கடைக்குப் போயிருந்தாள். அது அப்பாவுக்குத் தெரியாது. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், அம்மா குரலில் பாலை அடுப்பில் வைத்தேன்.

“என்னங்க... யோசிச்சுப் பார்த்தேன். கோட்டை ரொம்ப நல்ல யோசனை. நீங்க சொன்னதெல்லாமே சரி.”

கூடத்தை எட்டிப்பார்த்தேன்.

அப்பா வெளிறிப்போய் நின்றார். பேய் பேசியிருந்தால்கூட அப்படி நின்றிருக்கமாட்டார். “சரியா? அவளே சரின்னு சொல்லிட்டாளா? அப்படின்னா இதுல எங்கேயோ பெரிய ஓட்டை இருக்கு” என்று முணுமுணுத்தார். மதிலைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். அகழியை அவிழ்த்தார். கோபுரத்தை மடித்தார். மேஜையை நிமிர்த்தினார். பல போர் கண்ட கோட்டை, ஒரு பாராட்டில் விழுந்தது.

“வேண்டாம்மா இந்த வம்பு. பழையபடி சத்தமாப் பேசிடறேன்.”

தூணை நானே கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன்!

அம்மா பையோடு உள்ளே வந்தாள். நிமிர்ந்து நிற்கும் மேஜையைப் பார்த்தாள். மடித்துவைத்த அட்டையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் நடந்தது முழுவதையும் என் முகத்திலிருந்து வாசித்துவிட்டாள்.

“அப்பாடா!” என்றாள். “எடுத்துட்டீங்களா? இப்பதாங்க வீடு வீடா இருக்கு. அப்பவே சொன்னேன். இதெல்லாம் சின்ன வயசு வாத்தியாருங்க செய்யற வேலை. உங்களால முடியாது.”

“என்னால முடியாதா?”

“வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“யார் எடுத்தது? நான் எடுக்கலியே! இடம் மாத்தறேன்! இன்னும் பெருசாக் கட்டப்போறேன்! பொண்ணே, பிடி அந்தப் பக்கம்!”

மேஜை மறுபடி கவிழ்ந்தது.

அடுக்களையில் அம்மா என் காதைப் பிடித்தாள். வலிக்கிற பிடி இல்லை, ரேடியோ திருப்புகிற பிடி. “இனிமே என் குரல்ல அவரைப் பாராட்டினே, தொலைச்சிடுவேன். எத்தனை வருஷமாக் காப்பாத்திட்டு வர்ற ரகசியம் தெரியுமா?”

“என்ன ரகசியம்?”

“கண்ணால படிக்கிற பிள்ளை உண்டு. காதால உண்டு. கையால உண்டு. அப்புறம் ஒரு வகை இருக்கு. அது எந்தப் பயிற்சிப் புத்தகத்துலயும் கிடையாது. ‘கிடையாது, முடியாது, ஒத்துக்கமாட்டேன்’னு சொல்லிச் சொல்லியே படிக்கிற வகை. அதுக்கு எதிர்ல நின்னுதான் பாடம் எடுக்கணும். பக்கத்துல நின்னா ஏறாது.”

“நீயே அந்தப் பாடத்தை எடுத்திருக்கலாமே?”

“எடுத்திருந்தா ஒரு நாள் எடுத்திருப்பேன். அவர்தானே அவங்களுக்கு வருஷம் முழுக்க வாத்தியார்? அவர் மாறினாத்தான் உன் தோழி தங்குவா.”

நான் வெங்காயத்தைத் தேடி எடுத்து உரித்தேன். கேட்காமலே.

வெள்ளிக்கிழமை. தலைமையாசிரியை பின்னால் நாற்காலி போட்டு இரண்டு தடவை செருமினார். அப்பா வாயைத் திறக்கவில்லை. அட்டைகளையும் புத்தகத்திலிருந்த வரைபடத்தையும் கடைசி பெஞ்சிடம் கொடுத்தார்.

“கட்டுங்க” என்றார். ஒரே வார்த்தை. மைக் மௌனமானதே ஒரு வரலாற்று நிகழ்ச்சி.

தூண் கட்டினாள். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து மதிலை வளைத்தாள். சுற்றியிருந்தவர்கள் அவள் கேட்குமுன் பசையை நீட்டினார்கள். கோட்டை எழுந்ததும் அப்பா கேட்டார்: “இவ்வளவு பலமான கோட்டை. சுவர்ல ஒரு கீறல் இல்லை. அப்புறம் ஏன் கதவைத் திறந்தாங்க?”

அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அந்தத் தாயின் பாட்டைச் சொன்னேன். யார் குரலையும் கடன் வாங்கவில்லை. வறண்ட நாக்கோடு காலிக் குடத்திடம் ஒருத்தி எப்படிப் பேசுவாளோ அப்படி.

பாட்டு முடிந்ததும் தூண் எழுந்தாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தலைமையாசிரியை செருமத் தயாரானார். அப்பா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். தலைமையாசிரியையை! தடுத்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் அப்பா, இன்னொருவர் பேசுவதற்காக.

தூண் கோட்டைக்கு வெளியே விரலை வைத்தாள்.

“குளம் வெளியில இருக்கு, சார்.”

அவள் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. பிறகு கடைசி பெஞ்ச் முழுக்கப் பேசியது. எதிரி எங்கே நின்றான், தண்ணீரை எப்படி மறித்தான், அரசன் இன்னொரு நாள் தாங்கியிருக்கலாமா. மணி அடித்தும் நிற்கவில்லை.

“ஹ்ம் ஹ்ம்” என்றார் தலைமையாசிரியை. “ஆக, யாரும் எங்கேயும் போகவேண்டாம்.”

அன்று மாலை வீட்டுக்குள் அப்பா நடந்து வரவில்லை, பவனி வந்தார்.

“பார்த்தியா? படம் கூடாதுன்னே. கோட்டை கூடாதுன்னே. பாட்டு கூடாதுன்னே. உன் பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“ஆமாங்க” என்றாள் அம்மா. “நல்லவேளை நீங்க கேக்கலை.”

“எல்லாத்துக்கும் மறுத்துப் பேசற பழக்கத்தை விடணும், தெரியுதா? அது ஒரு வியாதி.”

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

“அடுத்த பாடத்தை வேணா நான் எடுத்துக்கறேன்” என்றாள் அம்மா. “உங்களுக்குக் களைப்பா இருக்கும்.”

“கூடவே கூடாது! இனிமே எல்லாப் பாடமும் இப்படித்தான்! நான்தான்!”

அம்மா குரலில் பால் பொங்கவே இல்லை.

அடுக்களையில் நான் அம்மாவைப் பிடித்தேன். “இதை ஊருக்கே நடிச்சுக் காட்டப்போறேன்.”

“காட்டு. ஆனா எழுத மட்டும் உக்காராதே. நடிக்கிறது வேற, எழுதறது வேற. இவ்வளவு நீளத்துக்குக் கோர்வையா எழுத உனக்கு வராது.”

“எனக்கா? வராதா?”

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் இதுவரை படித்தது முழுவதையும் ஒரே மூச்சில் எழுதினேன். கொண்டுபோய் அம்மா முன்னால் போட்டேன். “இந்தா, வராதுன்னியே!”

அம்மா நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, நான் பள்ளி திறந்ததிலிருந்து ‘மாட்டேன், மாட்டேன்’ என்று ஏமாற்றிவந்த கட்டுரையின் தலைப்பை உச்சியில் எழுதினாள்: ‘வீட்டில் நான் வியக்கும் ஒருவர்.’

அதற்குக் கீழே: ‘தாமதம். பத்துக்கு ஏழு. அப்படியே அப்பா.’